தீர்வதன்று, கசிவது

நுழையும்முன்

கோடை தொடங்கியதும் பல வீடுகளில் ஒரு தொடர் கேட்கத் தொடங்குகிறது: "ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துபோய்விட்டது." சமையல் எரிவாயு உருளை தீர்வதைப் போலவே இதுவும் தீர்ந்திருக்கும் என்று வீட்டார் நம்புகின்றனர், பணம் கொடுத்து நிரப்புகின்றனர், அடுத்த கோடையில் அதே தொடரை மீண்டும் சொல்கின்றனர். அத்தொடரில் உள்ள ஒரு சொல் பிழையானது. அப்பிழை வீட்டின் குளிர்ச்சியையும் எந்திரத்தின் ஆயுளையும் மட்டுமன்றி, வீட்டுக்கு மேலுள்ள வானத்தையும் தொடுகிறது. எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மண்பானை சொல்லும் அறிவியல்

மண்பானையில் ஊற்றிவைத்த நீர் சில மணி நேரத்தில் குளிர்ந்துவிடுகிறது. பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்ல வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகிறது. நீர்மம் ஆவியாக வேண்டுமெனில் அதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை அது பானைக்குள் இருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தை இழந்த நீர் குளிர்கிறது. வியர்த்த உடலில் காற்றுப் படும்போது ஏற்படும் குளிர்ச்சிக்கும் இதுவே காரணம்.

குளிர்சாதனமும் இதே விதியைப் பின்பற்றுகிறது. ஆனால், பானைக்கும் குளிர்சாதனத்துக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பானையிலிருந்து ஆவியான நீர் காற்றில் கலந்து போய்விடுகிறது. அதனால் பானையில் நீர் குறைந்துகொண்டே வரும். மீண்டும் ஊற்ற வேண்டும். குளிர்சாதனத்தில் ஆவியான பொருள் எங்கும் போவதில்லை. அது பிடிக்கப்பட்டு, அழுத்தப்பட்டு, மீண்டும் நீர்மமாக்கப்பட்டு, பழைய இடத்துக்கே அனுப்பப்படுகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாடத்தின் பாதி புரிந்துவிடும்.

மூடிய வட்டம்

வீடுகளில் பயன்படும் பிளவு வகைக் குளிர்சாதனத்தில் இரு பெட்டிகள் உண்டு. ஒன்று அறைக்குள் சுவரில் இருக்கும் உட்பெட்டி. மற்றொன்று மாடியிலோ வெளிச்சுவரிலோ இருக்கும் வெளிப்பெட்டி. இரண்டையும் செப்புக் குழாய்கள் இணைக்கின்றன. அக்குழாய்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதே குளிர்பதனப் பொருள். பேச்சு வழக்கில் 'கேஸ்' எனப்படுவது இதுதான். ஆயினும் அது எப்போதும் வாயுவாக இருப்பதில்லை. வட்டத்தின் ஒரு பகுதியில் நீர்மமாகவும் மற்றொரு பகுதியில் ஆவியாகவும் இருக்கிறது.

இன்று வீடுகளில் பரவலாகப் பயன்படும் ஆர்-32 என்னும் குளிர்பதனப் பொருளை எடுத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், அது சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 52 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு அழுத்தத்தில் அது 10 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 31 மடங்கு அழுத்தத்தில் 50 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் கொதிநிலையைக் கட்டுப்படுத்தலாம் என்பதே குளிர்சாதனத்தின் மையக் கருத்து.

உட்பெட்டியின் செப்புச் சுருளில் அழுத்தம் குறைவாக வைக்கப்படுகிறது. அங்கே குளிர்பதனப் பொருள் 10 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் கொதிக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள அறைக்காற்று அச்சுருளின் மேல் வீசப்படும்போது, காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு அது ஆவியாகிறது. காற்று குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரமும் சுருளின்மீது நீர்த்துளிகளாகப் படிந்து வடிகுழாய் வழியே வெளியேறுகிறது. ஆவியை வெளிப்பெட்டியில் உள்ள கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தமும் வெப்பமும் கூடிய அந்த ஆவி, வெளிப்பெட்டியின் சுருளில் ஓடி, வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர்மமாகிறது. பின்னர் ஒரு குறுகிய துளையின் வழியே அழுத்தம் குறைந்து, மீண்டும் உட்பெட்டிக்கு வருகிறது.

இவ்வட்டத்தில் எங்கும் வாயில் இல்லை. எங்கும் எதுவும் எரிவதில்லை. குளிர்பதனப் பொருள் வெப்பத்தைச் சுமந்து செல்லும் சுமைதூக்கியே அன்றி, எரிந்து தீரும் விறகன்று.

தெரிந்து தெளிவோம்

குளிர்சாதனத்தை 'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்று சொல்வது அதன் எடையைக் குறிப்பதன்று. எந்திரக் குளிரூட்டல் வருவதற்கு முன்பு பனிக்கட்டிகளைக் கொண்டே குளிர்ச்சி பெறப்பட்டது. ஏறத்தாழ 907 கிலோகிராம் எடையுள்ள ஓர் அமெரிக்க டன் பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் திறனே ஒரு டன். இது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டுக்குச் சமம்.

ஒரு சொல்லின் பிழை

தமிழ்ப் பேச்சு வழக்கில் சமையல் எரிவாயுவும் 'கேஸ்'. குளிர்பதனப் பொருளும் 'கேஸ்'. பெயர் ஒன்றாக இருப்பதால் இயல்பும் ஒன்றே எனக் கருதிவிடுகின்றனர். சமையல் எரிவாயு எரிகிறது, எனவே தீர்கிறது. குளிர்பதனப் பொருளோ பயன்படுத்துவதால் குறைவதில்லை. பத்தாண்டுகள் ஓடிய குளிர்சாதனத்தில், கசிவு ஏதும் இல்லையெனில், முதல் நாள் இருந்த அளவே இருக்கும். வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியே இதற்குச் சான்று. இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் ஓடும் அப்பெட்டிக்கு ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்புவோர் எவரும் இல்லை.

ஆகவே, குளிர்பதனப் பொருள் குறைந்துள்ளது என்றால் அதற்குப் பொருள் ஒன்றே: எங்கோ ஒரு துளை இருக்கிறது. அது 'தீர்ந்தது' அன்று, 'கசிந்தது'. தீர்ந்த பொருளுக்கு மருந்து நிரப்புவது. கசிந்த பொருளுக்கு மருந்து அடைப்பது. சொல் மாறினால் செயலும் மாறும்.

கசிவு எங்கே பிறக்கிறது?

வீட்டுக் குளிர்சாதனம் ஒன்றில் பெரும்பாலும் அரை கிலோகிராம் முதல் ஒன்றரை கிலோகிராம் வரையே குளிர்பதனப் பொருள் இருக்கும். எந்திரம் ஓடாமல் இருக்கும்போதும் அதன் அழுத்தம் மிகுதியாகவே இருக்கும். 30 டிகிரி வெப்பமுள்ள நாளில், அணைத்து வைத்த ஆர்-32 குளிர்சாதனத்தின் குழாய்களுக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு அழுத்தம் நிலவுகிறது. எனவே, கண்ணுக்குத் தெரியாத துளையும் போதும். எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கசிவு தொடரும்.

கசிவு மிகுதியாக நிகழும் இடம் குழாய்களின் இணைப்பு. செப்புக் குழாயின் முனையைப் புனல்போல் விரித்து, மரையிட்டு இறுக்குவர். முனை கோணலாக விரிந்திருந்தாலோ மரை அளவுக்குக் குறைவாகவோ மிகையாகவோ இறுக்கப்பட்டிருந்தாலோ சில மாதங்களில் அங்கே கசிவு தொடங்கும். கம்ப்ரசரின் ஓயாத அதிர்வால் ஒரு குழாய் மற்றொரு குழாயோடு உராய்ந்து தேய்வதும் உண்டு.

இன்னொரு காரணம் காற்றிலேயே இருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று, சுருளைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடுகளையும் செப்பையும் அரிக்கிறது. கழிவுநீர்க் கால்வாய்களின் அருகில் எழும் ஐதரசன் சல்பைடு வாயு செப்பைக் கருக்கச் செய்து துளையிடுகிறது. வீட்டுக்குள்ளும் ஓர் அரிப்பு உண்டு. சில தூய்மைப் பொருள்களிலிருந்தும், மரப்பலகை ஒட்டுப் பசைகளிலிருந்தும் வெளிப்படும் கரிம அமில ஆவிகள் ஈரத்தோடு சேர்ந்து செப்புச் சுவரைக் குடைகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் அக்குடைவுகள் எறும்புப் புற்றின் வளைகளைப் போலக் கிளைத்துக் காணப்படும். அதனால் அறிவியலார் அதனை எறும்புப் புற்று அரிப்பு என்றே அழைக்கின்றனர்.

பனி படர்ந்தும் குளிராத அறை

கசிவின் முதல் அறிகுறி வியப்பளிப்பது. கடலோரக் குடியிருப்பு ஒன்றில் மே மாத இரவை எண்ணிப் பார்க்கலாம். குளிர்சாதனம் இரண்டு மணி நேரமாக ஓடுகிறது, அறை குளிரவில்லை. உட்பெட்டியைத் திறந்து பார்த்தால் செப்புச் சுருளின் ஒரு மூலையில் வெண்பனி உறைந்திருக்கிறது. பனி உறையும் அளவுக்குக் குளிர்ச்சி இருந்தும் அறை ஏன் புழுங்குகிறது?

விடை, அழுத்தத்துக்கும் கொதிநிலைக்கும் உள்ள உறவில் இருக்கிறது. குளிர்பதனப் பொருள் குறைந்தால் உட்பெட்டிச் சுருளின் அழுத்தமும் குறையும். ஆர்-32இன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தின் 8 மடங்காகக் குறையும்போது அதன் கொதிநிலை ஏறத்தாழச் சுழியம் டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதற்கும் கீழே சென்றால், சுருளின்மீது படியும் காற்றின் ஈரம் நீராக வடியாமல் பனியாக உறைகிறது.

ஆனால், வெப்பநிலை தாழ்ந்திருப்பது வேறு. வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவது வேறு. உள்ளே வரும் நீர்மம் சிறிதளவே என்பதால், அது சுருளின் தொடக்கப் பகுதியிலேயே கொதித்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய நீளம் முழுவதும் வெறும் ஆவியே ஓடுகிறது. ஆவிக்கு மேலும் வெப்பத்தை உறிஞ்சும் ஆற்றல் மிகக் குறைவு. ஆக, சுருளின் ஒரு முனை உறைகிறது. மற்றப் பகுதி வேலையின்றிக் கிடக்கிறது. உறைந்த பனி காற்றோட்டத்தை மறைப்பதால் குளிர்ச்சி மேலும் குறைகிறது. எந்திரத்தை நிறுத்தியதும் பனி உருகி, வடிதட்டில் அடங்காமல் சுவரில் வழிகிறது. 'ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது' என்னும் முறையீட்டுக்குச் சில வேளைகளில் இதுவே காரணம்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. காற்று வடிகட்டியில் தூசி அடைத்துக்கொண்டாலும் சுருளில் பனி உறையும். எனவே, பனியைக் கண்டவுடன் கசிவு என்று முடிவு கட்டலாகாது. வடிகட்டியைக் கழுவி உலர்த்திப் பொருத்திய பின்னும் குளிர்ச்சி திரும்பாவிட்டால், கசிவை ஐயுறலாம். இணைப்புகளின் அருகே எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்தால் ஐயம் வலுப்பெறும். கம்ப்ரசருக்கான எண்ணெயின் ஒரு பகுதி குளிர்பதனப் பொருளோடு கலந்தே ஓடுகிறது. வாயு வெளியேறும் வழியில் எண்ணெயும் சிறிது வெளியேறித் தன் சுவட்டை விட்டுச் செல்கிறது.

ஈரமும் மின்கட்டணமும்

1902ஆம் ஆண்டு வில்லிஸ் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர், புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக நவீனக் குளிர்சாதன அமைப்பை வடிவமைத்தார். அங்கே சிக்கலாக இருந்தது காற்றின் ஈரம். ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறிப் பதிந்தன. குளிர்சாதனம் பிறந்தபோதே ஈரத்தைக் கட்டுப்படுத்தும் கடமையோடு பிறந்தது என்பது இதனால் விளங்கும். கசிவு ஏற்பட்ட எந்திரம் அக்கடமையிலும் தவறுகிறது. வெப்பமானி சற்றுக் குறைத்துக் காட்டினாலும், ஈரம் நீங்காத அறையில் வியர்வை உலர்வதில்லை, உறக்கமும் வருவதில்லை. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இது வெறும் வசதிக் குறைவு மட்டுமன்று; கடும் கோடையில் உடல்நலத்தைத் தொடும் சிக்கலுமாகும்.

அறை குறித்த வெப்பநிலையை எட்டியதும் கம்ப்ரசர் ஓய்வெடுக்க வேண்டும். கசிவுள்ள எந்திரத்தில் அறை அந்த வெப்பநிலையை எட்டுவதே இல்லை. கம்ப்ரசருக்கு ஓய்வும் இல்லை. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். நல்ல நிலையிலுள்ள ஒரு குளிர்சாதனம் மணிக்கு 1.5 யூனிட் மின்சாரம் கொள்வதாகவும், எட்டு மணி நேர இரவில் அதன் கம்ப்ரசர் ஐந்து மணி நேரமே ஓடுவதாகவும் கொண்டால், ஓரிரவுக்கு 7.5 யூனிட் செலவாகும். கசிவு ஏற்பட்டபின் சுமை குறைவதால் மணிக்கு 1.2 யூனிட்தான் ஆகிறது எனக் கொள்ளலாம். ஆனால், எட்டு மணி நேரமும் ஓடுவதால் செலவு 9.6 யூனிட்டாகிறது. அறுபது இரவுகளில் 126 யூனிட் கூடுதல். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. பயன்பாடு கூடக்கூட யூனிட் ஒன்றின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. கிடைக்காத குளிர்ச்சிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் நிலை இது.

கம்ப்ரசரின் தவிப்பு

கட்டணத்தை விடப் பெரிய இழப்பு கம்ப்ரசருக்கு நேர்கிறது. வீட்டுக் குளிர்சாதனங்களில் கம்ப்ரசரும் அதன் மின்னோடியும் ஒரே எஃகுக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. அம்மின்னோடியைக் குளிர்விப்பது உட்பெட்டியிலிருந்து திரும்பி வரும் குளிர்ந்த ஆவியே. ஆவியின் அளவு குறைந்து, அது சூடேறியும் வருமானால், மின்னோடி சூடேறும். அதன் கம்பிச் சுருளின் காப்புப் பூச்சு சிதையும். உராய்வைத் தடுக்கும் எண்ணெயும் முறையாகத் திரும்பி வராது. வெப்பம் எல்லை மீறும்போது பாதுகாப்புக் கருவி எந்திரத்தை நிறுத்தும். குளிர்ந்ததும் மீண்டும் ஓடவிடும். நின்று நின்று ஓடும் இவ்வோட்டம் நெடுநாள் நீடிக்காது.

கசிவு முற்றி உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே சென்றால், துளையின் வழியே வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். ஈரம், எண்ணெயோடும் குளிர்பதனப் பொருளோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அமிலம் உள்ளிருந்தே எந்திரத்தை அரிக்கும். ஒரு மரையைச் சரியாக இறுக்குவதில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கம்ப்ரசரையே மாற்றுவதில் முடிகிறது.

அறைக்குள் கசிந்தால்

இன்றைய வீட்டுக் குளிர்பதனப் பொருள்கள், சிறிதளவு கசிந்து காற்றில் கலக்கும்போது உடனடித் தீங்கு விளைவிக்கும் நச்சுகள் அல்ல. எனினும் அவை காற்றைவிடக் கனமானவை. மூடிய சிறிய அறையில் மிகுதியாகக் கசிந்தால் தரையோரம் தேங்கி, மூச்சுக்குரிய ஆக்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்மமாகப் பீறிடும் குளிர்பதனப் பொருள் தோலில் பட்டால் உறைபனிப் புண் உண்டாகும். தீச்சுடரில் பட்டால் அவற்றுட் பல சிதைந்து கடும் அமில வாயுக்களாக மாறும். ஆர்-32 மெல்லத் தீப்பற்றும் இயல்புடையது; ஆர்-290 எனப்படும் புரோப்பேன் எளிதில் தீப்பற்றக்கூடியது. எனவே, கசிவு ஐயம் எழுந்தால் எந்திரத்தை நிறுத்துவதும், சன்னல்களைத் திறப்பதும், தீ மூட்டாதிருப்பதும் முதற்கடமைகள்.

வீட்டின் துளையும் வானின் துளையும்

கசிவைப் பற்றிய அச்சமே குளிர்பதனப் பொருள்களின் வரலாற்றை நடத்திச் சென்றுள்ளது. தொடக்க காலக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. அவை கசிந்தபோது உயிர்கள் போயின. இதனால் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும், கசிவுக்கு இடம் தரும் நகரும் பாகங்களே இல்லாத குளிர்பதனப் பெட்டியை வடிவமைத்து, 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர்.

அதே காலத்தில் தாமஸ் மிட்ஜிலி என்னும் அமெரிக்க வேதியியலார் குழுவினருடன் சேர்ந்து குளோரோ புளூரோ கார்பன் வகைக் குளிர்பதனப் பொருளை உருவாக்கினார். 1930இல் அறிஞர் அவையில் அவ்வாயுவைத் தாமே மூச்சில் இழுத்து, மெழுகுவத்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் இல்லை என்று உலகம் மகிழ்ந்தது. இனிக் கசிந்தால்தான் என்ன என்னும் எண்ணமும் வேரூன்றியது.

1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்டு ஆகிய அறிவியலார் அவ்வெண்ணத்தைத் தகர்த்தனர். கசிந்த வாயு அழியாமல் வளிமண்டலத்தின் மேலடுக்குக்குச் செல்கிறது. அங்கே புறஊதாக் கதிரால் சிதைந்து குளோரினை வெளிவிடுகிறது. அக்குளோரின் ஓசோனை அழிக்கிறது என்று அவர்கள் விளக்கினர். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் படலம் பெரிதும் மெலிந்திருப்பதை ஆங்கிலேய ஆய்வாளர்கள் அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. அந்நாளே உலக ஓசோன் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மொலினா, ரோலண்டு ஆகியோருக்கு, பால் குருட்சனுடன் சேர்த்து, 1995இல் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1992இல் உடன்படிக்கையில் இணைந்த இந்தியா, குளோரோ புளூரோ கார்பன்களைக் கைவிட்டது. ஓசோன் படலம் மெல்ல மீண்டு வருகிறது; அண்டார்டிகாவின் மேல் அது 2066ஆம் ஆண்டளவில் 1980ஆம் ஆண்டின் நிலையை அடையும் என்று 2022ஆம் ஆண்டின் ஐ.நா. மதிப்பீடு கூறுகிறது.

ஓசோனைச் சிதைக்காத ஐதரோ புளூரோ கார்பன்கள் அடுத்து வந்தன. அவற்றிலும் ஒரு குறை இருந்தது. அவை புவியைச் சூடேற்றும் வாயுக்கள். ஆகவே, 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை திருத்தப்பட்டது. இத்திருத்தம் முறையாக நிறைவேறினால், இந்நூற்றாண்டின் முடிவுக்குள் 0.3 முதல் 0.5 டிகிரி வரையிலான வெப்ப உயர்வு தவிர்க்கப்படும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இந்தியா 2021இல் இத்திருத்தத்தை ஏற்றது. 2032இல் குறைக்கத் தொடங்கி, 2047க்குள் அவற்றின் பயன்பாட்டை 85 விழுக்காடு குறைப்பது இந்தியா ஏற்றுள்ள கடமை.

தெரிந்து தெளிவோம்

ஒரு கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு நூறாண்டுகளில் புவியைச் சூடேற்றும் அளவை 1 எனக் கொண்டால், குளிர்பதனப் பொருள்களின் அளவு வருமாறு:
ஆர்-22: 1810 (ஓசோனையும் சிதைக்கும்)
ஆர்-410ஏ: 2088
ஆர்-32: 675
ஆர்-290: ஏறத்தாழ 3

இவ்வெண்களின் பொருளை ஓர் ஒப்பீடு விளக்கும். ஒரு கிலோகிராம் ஆர்-32 காற்றில் கசிந்தால், அது 675 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளிப்படும். அப்படியெனில் அக்கசிவு 290 லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோலை எரித்ததற்கு ஒப்பாகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டி அந்தப் பெட்ரோலில் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒன்பது முறை போய்த் திரும்பலாம். கசிந்தது ஆர்-410ஏ என்றால் இத்தொலைவு மூன்று மடங்காகும். துளையை அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பும் வீடு, ஆண்டுதோறும் இப்பயணத்தைச் செய்கிறது.

செய்யத்தக்கது யாது?

முறையான பழுதுபார்ப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எஞ்சியுள்ள குளிர்பதனப் பொருளைக் காற்றில் விடாமல் உருளையில் சேகரிக்க வேண்டும். பின்பு குழாய்களுக்குள் நைட்ரசன் வாயுவை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழும் இடத்தைக் கண்டறிய வேண்டும். இதற்கு ஆக்சிசனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எண்ணெயோடு சேர்ந்து அது வெடிக்கும். துளையை அடைத்தபின் வெற்றிடப் பம்பைக் கொண்டு காற்றையும் ஈரத்தையும் முழுவதும் நீக்க வேண்டும். இறுதியாக, வெளிப்பெட்டியின் பெயர்த்தகட்டில் குறித்துள்ள வகையையும் அளவையும் பார்த்து, தராசில் எடையிட்டு நிரப்ப வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து, கண்ணளவில் நிரப்புவது முறையன்று. குறைவைப் போலவே மிகையும் கம்ப்ரசருக்குத் தீங்கு.

இவ்வொழுங்கு நடைபெறாமைக்குப் பழுதுபார்ப்பவர் மட்டுமே காரணம் ஆகார். நிரப்புதல் அரை மணி நேரத்தில் முடியும். கசிவைத் தேடி அடைக்க அரை நாள் ஆகலாம். மே மாத வெயிலில், மூன்றாம் மாடிச் சுவரோரம் நின்று வேலை செய்பவரிடம், 'இப்போதைக்கு நிரப்பிவிட்டுப் போங்கள்' என்று வீட்டார் சொல்லும்போது, முறையான வழி அங்கேயே கைவிடப்படுகிறது. மாறாக, 'எங்கே கசிகிறது என்று பாருங்கள். நேரம் ஆனாலும் ஆகட்டும்' என்று சொல்லும் வீட்டில், திறமையுள்ள தொழிலாளிக்கு அவர்தம் திறமையைக் காட்ட இடம் கிடைக்கிறது. கோடை உச்சத்துக்குக் காத்திராமல் மாசி மாதத்திலேயே எந்திரத்தைச் சோதித்துக்கொள்வது இருவருக்கும் நன்று. 2019இல் இந்தியா வெளியிட்ட தேசியக் குளிர்விப்புச் செயல்திட்டமும் பழுதுபார்க்கும் தொழிலாளர்களின் பயிற்சிக்கு முதன்மை இடம் தருகிறது.

சொல்லிலிருந்து செயலுக்கு

ஒரு செப்புக் குழாயின் இணைப்பில், ஊசிமுனையினும் சிறிய ஒரு துளை. அதன் ஒரு புறம் உறக்கமின்றிப் புரளும் குடும்பம். மறுபுறம் மெல்லச் சூடேறும் புவி. இரண்டுக்கும் நடுவே இருப்பது, அதனை அடைப்பதா நிரப்புவதா என்னும் முடிவு. அம்முடிவு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் மாநாடுகளில் எடுக்கப்படுவதன்று; வீட்டு வாசலில் எடுக்கப்படுவது. 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லும் பழக்கம் 'கசிந்துவிட்டது' என்று மாறும் நாளில், அடுத்த வினாவாக 'எங்கே?' என்பது தானே எழும். அந்த வினாவே பாதி விடை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அருகிலோ உள்ள குளிர்சாதனத்தின் பெயர்த்தகட்டைப் பார்த்து, அதிலுள்ள குளிர்பதனப் பொருளின் வகையையும் அளவையும் குறித்துவருக. அது முழுவதும் கசிந்தால் எத்தனை கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகும் எனக் கணக்கிடுக.

2. 'சுருளில் பனி உறைந்தும் அறை குளிர்வதில்லை' - காரணத்தை அறிவியல் அறியாத ஒருவருக்கு விளக்குவதுபோல் ஒரு பத்தியில் எழுதுக.

3. குளிர்சாதனம் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரைச் சந்தித்து, அவர் எதிர்கொள்ளும் இடர்களைப் பற்றி நேர்காணல் செய்து வகுப்பறையில் பகிர்க.

4. 'தீர்தல்', 'கசிதல்' என்பனபோல், பேச்சு வழக்கில் பிழையாக ஆளப்படுவதால் தவறான செயலுக்கு வழிவகுக்கும் சொற்களைத் தொகுத்துக் கலந்துரையாடுக.